மக்கள் அளக்கும் அறிவியல்: தரவு யாரிடமிருந்து வருகிறது, பதில் யாரிடம் போகிறது?

2023 ஆகஸ்டில் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை வெளிவந்தபோது பலருக்கும் ஒரே குழப்பம். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 பறவை இனங்களில் 204 இனங்கள் குறைந்திருக்கின்றன என்றது அறிக்கை. கவலைதரும் செய்திதான். ஆனால் அதற்கு அடிப்படையான சுமார் 3 கோடிப் பதிவுகளைத் தந்தவர்கள் அரசு விஞ்ஞானிகள் அல்லர். பொழுதுபோக்காகப் பறவை பார்க்கும் 30,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள். ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்றவர் என யார் வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். இவர்கள் கைப்பேசியில் குறித்ததை வைத்து ஒரு நாட்டின் இயற்கை வளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா?

கேள்வி நியாயமானது. அதற்குத் தெளிவான பதிலும் இருக்கிறது. ஆனால் வளரும் நாடுகளைப் பொறுத்தவரை இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: ஆய்வுக்கான கேள்வியை எழுப்பியது யார், கிடைத்த விடை யார் கைக்குப் போய்ச் சேர்கிறது? முதல் கேள்விக்குக் கணக்கு பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு நேர்மையும் அதிகாரப் பகிர்வும் வேண்டும்.

சொற்களும் அவற்றின் வேர்களும்

மூன்று சொற்கள் அடிக்கடி கலந்து புழங்குகின்றன.

'குடிமக்கள் அறிவியல்' என்பது 1990-களின் நடுவில், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், இரண்டு பொருள்களில் பிறந்தது. அமெரிக்காவில் பறவை ஆய்வகம் ஒன்றைச் சேர்ந்த ரிக் போனி, பறவை ஆய்வுக்குப் பொதுமக்கள் தரவு சேகரித்துத் தருவதை அப்படி அழைத்தார். பிரிட்டனில் சமூகவியலாளர் ஆலன் இர்வின், மக்களின் தேவைக்குப் பதில் சொல்கிற, மக்களின் அனுபவ அறிவையும் மதிக்கிற அறிவியலை அதே சொல்லால் குறித்தார். ஒரே பெயரில் இரண்டு எண்ணங்கள். இன்றுவரை நீடிக்கும் பாதிக் குழப்பத்துக்கு இதுவே காரணம். (பழக்கம் பெயரைவிடப் பழையது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காலப் பறவைக் கணக்கெடுப்பு 1900-லேயே தொடங்கிவிட்டது.)

'பங்கேற்பு ஆய்வு' லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய மண்களில் முளைத்தது. கொலம்பியச் சமூகவியலாளர் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்தா போன்றோர், உழவரும் தொழிலாளரும் ஆய்வின் 'பொருள்' ஆக இல்லாமல் ஆய்வாளராகவே இருக்க வேண்டும் என்றனர். 1977-இல் கொலம்பியாவின் கார்த்தகேனா நகரில் நடந்த கருத்தரங்கு இந்த மரபின் முக்கியமான தொடக்கப் புள்ளி. நிலம், கூலி, தண்ணீர் ஆகியவைதான் அவர்களின் கேள்விகள்.

'மக்கள் அறிவியல்' என்றால் தமிழிலும் மலையாளத்திலும் முதலில் நினைவுக்கு வருவது அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்லும் இயக்கம். 1962-இல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம். ஆனால் இந்த இயக்கங்கள் கொண்டுசெல்வதோடு நிற்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பரிஷத் முன்னெடுத்த ஊராட்சி வளவரைபடப் பணியில், ஊரின் மண், நீர், நிலப்பயன்பாடு ஆகியவற்றை ஊர்க்காரர்களே வரைபடத்தில் குறித்தார்கள். கல்யாசேரி ஊராட்சியின் அனுபவம், ஊரின் திட்டங்களை ஊர்மக்களே வகுக்கும்படி கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்கு ஒரு முன்மாதிரியாக அமைந்தது.

மக்கள் எந்த அளவுக்கு உள்ளே வருகிறார்கள் என்பதை வைத்து இத்திட்டங்களை மூன்று நிலைகளாகப் பிரிப்பது வழக்கம்:

1. பங்களிப்பு: கேள்வி, முறை, முடிவு எல்லாம் விஞ்ஞானிகளுடையது. மக்கள் தரவு மட்டும் தருவார்கள்.
2. கூட்டுழைப்பு: முறையைத் திருத்துவதிலும் தரவை அலசுவதிலும் மக்களுக்கும் இடமுண்டு.
3. கூட்டுருவாக்கம்: கேள்வியே மக்களிடமிருந்து வருகிறது. கடைசிவரை இரு தரப்பும் சேர்ந்தே நடக்கிறது.

ஒன்றாம் நிலை தாழ்ந்தது, மூன்றாம் நிலை உயர்ந்தது என்று வரிசை போட வேண்டியதில்லை. நாடு தழுவிய பறவைப் போக்கைக் கண்டறிய ஒன்றாம் நிலையே பொருத்தம். ஓர் ஊரின் கிணற்று நீர் ஏன் நாறுகிறது என்பதற்கு அது போதாது.

கருவி இல்லாத இடத்தில் ஒரு சோடா பாட்டில்

வளரும் நாடுகளில் இதன் தேவை வேறுவகை. பணக்கார நாடுகளில் அரசின் அளவீட்டு வலைப்பின்னல் ஏற்கெனவே அடர்த்தியாக இருக்கிறது, தன்னார்வலர் தரவு அதன் மேல் கூடுதல். மழைமானியும் காற்று மானியும் அரிதாக உள்ள நாட்டில், மக்கள் அளக்காவிட்டால் அந்த இடத்தைப் பற்றி எண்ணே கிடையாது. உலக உயிரினப் பதிவுகளைத் திரட்டும் பன்னாட்டுத் தரவுத்தளங்களிலும் இந்த ஏற்றத்தாழ்வு பளிச்சென்று தெரியும். உயிர்வளம் செறிந்த வெப்பமண்டலத்தில் புள்ளிகள் குறைவு, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கின்றன.

நேபாளத்தில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மலைநாட்டில் ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும் மழை அடுத்த பள்ளத்தாக்கில் தூறக்கூட மாட்டாது. எனவே மழையை நெருக்கமான இடைவெளிகளில் அளந்தாக வேண்டும். அங்கே ஒரு குழு காலி குளிர்பான பாட்டில்களை எடுத்துக்கொண்டது. மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தால் புனல் தயார். அது உள்ளே விழுந்த நீர் ஆவியாவதையும் குறைக்கும். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால், பக்கங்கள் நேராகத் தொடங்கும் மட்டம்வரை சிமெண்ட் கலவை ஊற்றி நிரப்பினார்கள். இதனால் அடி சமமாகும், காற்றில் பாட்டில் சாயவும் சாயாது. பக்கத்தில் ஓர் அளவுகோல் ஒட்டினால் மழைமானி முடிந்தது. செலவு ஒரு டாலருக்கும் குறைவு. 2018 பருவமழையில் 154 பேர் இப்படி 6,656 அளவீடுகளை அனுப்பினார்கள்.

தவறுகளும் வந்தன. மில்லிமீட்டரில் எழுத வேண்டியதைச் சிலர் சென்டிமீட்டரில் எழுதினார்கள். குழலில் நீரின் மேற்பரப்பு ஓரங்களில் சற்று ஏறி நிற்கும். நடுவில் படிக்க வேண்டியதை ஓரத்தில் படித்தவர்கள் உண்டு. இதற்குக் குழு வைத்திருந்த மருந்து எளிமையானது: எண்ணோடு பாட்டிலின் படமும் அனுப்ப வேண்டும். எண் 4 என்கிறது, படத்தில் 40 தெரிகிறது என்றால் மேசையில் இருப்பவர் அதைத் திருத்திவிடலாம். தவறே செய்யாத தன்னார்வலரைத் தேடாமல், தவறு நேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் முறையை அமைத்துக்கொண்டார்கள். இந்தத் துறையின் முழுச் சூட்சுமமும் இதில் அடங்கும் என்றே சொல்வேன்.

நம்பலாமா? கணக்கு என்ன சொல்கிறது?

பறவை அறிக்கைக்குத் திரும்புவோம். அங்கே எழும் சிக்கல் தனிமனிதப் பிழையைவிடப் பெரியது. பதிவு செய்வோரின் எண்ணிக்கையே ஆண்டுக்கு ஆண்டு எகிறிக்கொண்டிருக்கிறது. பறவைப் பதிவுகளைத் திரட்டும், 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் இணையதளம் இந்தியாவில் பரவிய பிறகு பதிவுகள் பல மடங்காகிவிட்டன. அப்படியானால் எல்லாப் பறவையும் 'பெருகிவிட்டது' போலத்தானே தெரியும்?

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒருவர் ஒருமுறை வெளியே போய்க் கண்ட பறவைகளை எழுதி அனுப்புவது ஒரு பட்டியல். ஓர் ஆண்டில் 100 பட்டியல்கள் வந்தன, அவற்றில் 40 பட்டியல்களில் ஒரு பறவை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் கழித்து 10,000 பட்டியல்கள், அவற்றில் 2,000-இல் அதே பறவை. வெறும் எண்ணிக்கை 40-லிருந்து 2,000 ஆகிவிட்டது, ஐம்பது மடங்கு. ஆனால் விகிதம் 40 சதவீதத்திலிருந்து 20 ஆகப் பாதியாகிவிட்டது. பத்துப் பேர் வெளியே போனால் நாலு பேர் கண்ணில் பட்டது, இப்போது இரண்டு பேர் கண்ணில்தான் படுகிறது. அறிக்கை பார்ப்பது இந்த விகிதத்தை.

இந்த விகிதம் பொருள்பட வேண்டுமானால் ஒரு நிபந்தனை தேவை. பட்டியல் 'முழுப் பட்டியல்' ஆக இருக்க வேண்டும். அதாவது, கண்டதும் கேட்டதுமான எல்லாப் பறவைகளையும், அடையாளம் தெரிந்தவரை, எழுத வேண்டும். அரிய பறவையை மட்டும் குறித்துவிட்டுக் காக்கையை விட்டுவிட்டால், காக்கை இல்லாததால் எழுதவில்லையா, அலட்சியத்தால் எழுதவில்லையா என்று தெரியாது. 'இல்லை' என்பதும் ஒரு தரவு. சாதாரணப் பறவையைச் சலிக்காமல் எழுதிக்கொண்டே வந்தவர்களால்தான் சரிவைக் கண்டுபிடிக்க முடிகிறது. ஒருவர் பத்து நிமிடம் நின்றாரா, நாலு மணி நேரம் நடந்தாரா என்பதும் முடிவை மாற்றும். எனவே பட்டியலின் நீளத்தையும், அதாவது அதில் எத்தனை இனங்கள் உள்ளன என்பதையும், கணக்கில் கொண்டு சரிசெய்கிறார்கள்.

இன்னொரு கோணல் இடம் சார்ந்தது. மக்கள் ஊருக்கு அருகே, சாலையோரமாக, விடுமுறை நாளில், பறவை நிறைய இருக்கும் ஏரிக்குத்தான் போவார்கள். வறண்ட புதர்க்காட்டுக்கு யார் போவார்? கேரளப் பறவை வரைபடத் திட்டம் இதற்குத் தீர்வு கண்டது. 2015 முதல் 2020 வரை நடந்த அந்தத் திட்டத்தில், மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்குப் போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். கட்டம் ரப்பர் தோட்டத்தில் விழுந்தாலும் குடியிருப்பில் விழுந்தாலும் போயே ஆக வேண்டும், வறண்ட பருவத்தில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உழைத்து 361 இனங்களைப் பற்றி ஏறக்குறைய 3 லட்சம் பதிவுகளைத் தந்தார்கள். இந்தப் பரப்பளவில் இத்தனை ஒழுங்கான தரவைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சேர்க்க எந்தத் துறையிடமும் பணம் இருந்திருக்காது.

இந்தியப் பறவை அறிக்கையிலேயே இன்னொரு எண்ணைக் கவனியுங்கள். மதிப்பிட்டவை 942 இனங்கள். நீண்டகாலப் போக்கு சொல்ல முடிந்தது 338-க்கு மட்டும். மீதிக்குத் தரவு போதவில்லை என்று ஒப்புக்கொண்டு விட்டிருக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று விடுகிற ஆய்வை நான் அதிகம் நம்புவேன்.

சரி, வேட்டை, மரவெட்டு, காட்டுவளம் போன்றவற்றைப் படிப்பறிவு குறைந்த ஊர்மக்கள் அளந்தால்? மடகாஸ்கர், நிகராகுவா, பிலிப்பைன்ஸ், தான்சானியா ஆகிய நாடுகளில் 34 இடங்களில், ஊர்மக்களும் பயிற்சி பெற்ற விஞ்ஞானிகளும் தனித்தனியே ஒரே வளங்களைக் கண்காணித்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஒப்பீட்டில், இரு தரப்பின் முடிவுகளும் பெரிதும் ஒத்துப்போயின.

கேள்வியைக் கேட்கும் விதத்தை மாற்றினால்

தரம் என்பது மக்களின் திறமையை மட்டும் பொறுத்ததல்ல, கேள்வியின் வடிவத்தையும் பொறுத்தது. இரண்டு சான்றுகள்.

தென்னாப்பிரிக்காவின் 'மினிசாஸ்' முறை ஓடையின் நலத்தை அதில் வாழும் சிற்றுயிர்களைக் கொண்டு அளக்கிறது. நிபுணர்களின் மூல முறையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட உயிர்க்குழுக்களைப் பிரித்தறிய வேண்டும். மக்களுக்கான முறையில் அவை 13 குழுக்களாகச் சுருங்கின. அட்டைக்கு 2 மதிப்பெண், தட்டானின் நீர்வாழ் இளம்பருவத்துக்கு 6 என, மாசைத் தாங்காத உயிருக்கு மதிப்பெண் கூடிக்கொண்டே போகும். வலையில் அகப்பட்ட குழுக்களின் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஓடையின் நிலை தெரியும். பள்ளிப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்று செய்யக்கூடிய வேலை இது.

இரண்டாவது சான்று எனக்கு இன்னும் பிடித்தது. புதிய நெல் ரகமோ கோதுமை ரகமோ எந்த மண்ணுக்கு ஏற்றது என்று பார்க்க, வழக்கமாக ஆய்வுப் பண்ணையில் பயிரிட்டு எடை போடுவார்கள். ஆனால் ஆய்வுப் பண்ணையில் பாசனம் உண்டு, உரம் உண்டு, மேற்பார்வை உண்டு. வானம் பார்த்த பூமியில் கதை வேறு. 'டிரைகாட்' எனப்படும் மூவொப்பீட்டு முறை இப்படிப் போகிறது:

1. சோதிக்க வேண்டிய பல ரகங்களிலிருந்து மூன்றை மட்டும் ஓர் உழவருக்குக் கொடுப்பார்கள். பொட்டலத்தில் பெயர் இருக்காது. அ, ஆ, இ போலக் குறியீடு மட்டும். பக்கத்து வயல்காரருக்கு வேறு மூன்று.
2. உழவர் தன் நிலத்தில், தன் வழக்கப்படி, சிறு பாத்திகளில் விதைப்பார்.
3. முளைப்பு, நோய் தாங்கல், விளைச்சல், சுவை என ஒவ்வொன்றிலும் எது முதல், எது கடைசி என்று மட்டும் சொல்வார். தராசு வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். மூன்றில் முதலும் கடைசியும் தெரிந்தால் நடுவே உள்ளது தானாகத் தெரிந்துவிடும்.
4. ஆயிரக்கணக்கானோரின் மூன்று மூன்று ஒப்பீடுகளைப் புள்ளியியல் முறையில் கோத்து, எல்லா ரகங்களுக்கும் ஒரே தரவரிசை போடுவார்கள். ஒவ்வொரு வயலின் வெப்பம், மழைத் தரவையும் சேர்த்தால் எந்தக் காலநிலைக்கு எந்த ரகம் என்பது தெரியவரும்.
5. அறுவடைக்குப் பின் ரகங்களின் பெயரும் முடிவும் உழவருக்குச் சொல்லப்படும். பிடித்த விதையை அவர் வைத்துக்கொள்ளலாம்.

நிகராகுவாவில் பீன்ஸ், எத்தியோப்பியாவில் டியூரம் கோதுமை, இந்தியாவில் ரொட்டிக் கோதுமை என 12,409 பாத்திகளில் நடந்த சோதனையின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. வழக்கமான பரிந்துரைகளைவிட இந்த முறையில் கிடைத்த பரிந்துரைகள் காலநிலை மாறுபாட்டை நன்றாகக் கணக்கில் கொண்டிருந்தன. ஐந்தாம் படிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தரவு போன வழியிலேயே பதிலும் திரும்பி வருகிறது, அதுவும் விதைப் பொட்டலமாக.

யாருடைய கேள்வி?

2010-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏற்கெனவே பதிப்பிக்கப்பட்ட 104 கண்காணிப்புத் திட்டங்களை அலசியது. விஞ்ஞானிகள் மட்டுமே நடத்திய கண்காணிப்பிலிருந்து நடைமுறை முடிவு பிறக்க 3 முதல் 9 ஆண்டுகள் ஆயின. ஊர்மக்கள் தரவு சேர்ப்பதிலும் அலசுவதிலும் பங்கெடுத்தபோது ஓர் ஆண்டுக்குள் ஊர் அளவில் முடிவெடுக்கப்பட்டது. மறுபக்கமும் உண்டு: முன்னது நாட்டு அளவில், பன்னாட்டு ஒப்பந்த அளவில் பேசும், பின்னது ஊர் எல்லைக்குள் பேசும். இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

மக்களே கேள்வி எழுப்பினால் எப்படி இருக்கும் என்பதற்குக் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஒரு சான்று. ரசாயன ஆலைகளையொட்டிய கிராமங்களில் நாற்றம் நெடுங்காலப் புகார். 'நாறுகிறது' என்று மட்டும் சொன்னால் அது புகார். எந்த நேரம், காற்று எந்தத் திசை, எதைப் போன்ற வாடை, கண் எரிந்ததா, தலை வலித்ததா என்று நாள்தோறும் குறித்தால் அது தரவு. 2004-ஐ ஒட்டி ஊர்மக்கள் அப்படிக் குறிக்கப் பயிற்சி பெற்றார்கள். கூடவே வாளி முறையிலும் காற்றைப் பிடித்தார்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் காற்றுப்புகாத தனிவகைப் பை. வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், வெளிக்காற்று குழாய் வழியாகப் பைக்குள் நிரம்பும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்போது இந்தியாவின் காற்றுத்தர அளவுகோலில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருளுக்கு வரம்பே கிடையாது, 2009 திருத்தத்தில்தான் அது பட்டியலில் ஏறியது. சட்டம் பெயர் சொல்லாத பொருட்களை ஊர்மக்கள் அளக்கத் தொடங்கியிருந்தார்கள். எந்த ஆய்வுத் திட்டமும் வெளியிலிருந்து வந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது. மூக்கில் ஏறியவர்களுக்குத்தான் கேட்கத் தோன்றும்.

எழுத்தறிவு தடையாகும் இடத்துக்கும் வழி கண்டிருக்கிறார்கள். காங்கோ குடியரசின் மழைக்காட்டில் வாழும் பென்ஜெலே மக்களோடு சேர்ந்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் உருவாக்கிய 'சப்பெல்லி' செயலியில் எழுத்தே இல்லை, படங்கள் மட்டும்தான். பெயரே ஒரு மரத்தின் பெயர். வெளியாருக்கு அது விலைமதிப்புள்ள பலகை. அம்மக்களுக்கு உணவாகும் கம்பளிப்புழுக்கள் வாழும் மரம். ஒரே மரத்தின் இரு மதிப்பையும் ஒரே வரைபடத்தில் வைத்தால்தான் பேச்சுவார்த்தை தொடங்கவே முடியும்.

விலை கொடுப்பவர்கள், விடுபடுபவர்கள்

'தன்னார்வம்' என்ற சொல்லை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். நிரந்தர வருமானமும் ஓய்வுநேரமும் உள்ளவருக்கு ஞாயிறு காலை இலவசம். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அரைநாள் என்பது அடுப்பெரியும் காசு. அவரிடமும் 'ஆர்வத்தோடு' தரவு கேட்டால், அது ஏழையின் உழைப்பை ஊதியமின்றி வாங்குவதே ஆகும். வேலையாகக் கேட்டால் கூலி கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கைப்பேசி வீட்டில் ஒன்றுதான், அதுவும் ஆண் கையில் என்றால், செயலி வழித் திட்டத்தில் பெண்ணின் குரல் தானாக விடுபடும். தண்ணீர் சுமப்பவர் பெண், தண்ணீரைப் பற்றிப் பதிவு செய்பவர் ஆண் என்ற விபரீதம் இப்படித்தான் நேர்கிறது. 'குடிமக்கள்' என்ற சொல்லே அகதியை, குடியுரிமைத் தாள் இல்லாதவரை வெளியே நிறுத்துகிறது என்பதால் பலர் 'சமூகப் பங்கேற்பு அறிவியல்' என்றும் 'மக்கள் ஆய்வு' என்றும் மாற்றுச் சொல் தேடுகிறார்கள்.

ஆபத்தும் உண்டு. காட்டுவேட்டையையோ மணல் கொள்ளையையோ இடம், நேரத்தோடு பதிவு செய்பவர் அதே ஊரில்தான் இரவு தூங்கப் போகிறார். பதிவில் பெயர் தெரியாமல் காக்கும் ஏற்பாடு இல்லாத திட்டத்தை எடுத்துக்கொண்டு யாரும் ஊருக்குள் போகக்கூடாது.

தரவு யாருடையது?

வெளிப்படைத் தரவு நல்லது என்பது பொதுவிதி. அதற்கு விலக்குகள் உண்டு. அரிய உயிரினம் இருக்கும் துல்லியமான இடம் வெளியானால் முதலில் போய் நிற்பவர் கடத்தல்காரராகவும் இருக்கலாம். அதனால் இ-பேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை மறைக்கின்றன அல்லது மங்கலாக்குகின்றன.

மரபறிவின் கதை இன்னும் கூர்மையானது. 1987-இல் அகத்தியமலைப் பகுதியில் ஆய்வுக்குப் போன குழுவுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், களைப்பே தெரியாமல் நடந்தார்கள். அவர்கள் தின்றது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள், பிறகு சொன்னார்கள். திருவனந்தபுரத்தில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் தயாரிப்பு உரிமத்தை விற்றது. உரிமக் கட்டணத்திலும் பங்குத்தொகையிலும் பாதியைக் காணிகளுக்குத் தர முன்வந்தது. அக்காலத்தில் உலக அளவில் முன்னோடியான செயல் அது. ஆனால் பணத்தைப் பெறும் காணி அறக்கட்டளை உருவானது 1997-இல். முதலில் உரிமம், பிறகு உரிமையாளர் அமைப்பு என்ற வரிசை தலைகீழானது. உயிர்வளப் பயனைப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறை 2010-இல்தான் ஏற்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவின் பழங்குடியினரான சான் மக்கள் 2017-இல் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறிமுறையையே வெளியிட்டார்கள். 2010-இல் சான் இனத்தவர் நால்வரின் மரபணுத்தொகுப்பு ஆய்வு வெளியான விதம் அவர்களைப் புண்படுத்தியிருந்தது. மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவற்றை அவர்கள் கேட்கிறார்கள். சிக்கலான விஷயத்தைச் சான் மக்களுக்குப் புரியாது என்று முடிவுகட்டாமல், கவனமாகவும் சரியாகவும் விளக்க வேண்டும் என்பது அதில் ஒரு வாசகம். இதைவிடப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாத கோரிக்கை.

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். சூழலியலாளர் மாதவ் காட்கில் நெடுநாள் வலியுறுத்திய எண்ணம் அது. ஊர்மக்கள் உட்கார்ந்து பேசி எழுதினால் அது பங்கேற்பு ஆய்வு. கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்று வெளியாள் ஒருவர் அலுவலகத்தில் நிரப்பினால் அது வெறும் படிவம். அட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அரசு ஏற்குமா?

கடைசிக் கண்ணி அரசு. 2009-இல் கென்யாவின் கிபேரா குடியிருப்பு இளைஞர்கள் தங்கள் பகுதியை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் வரையத் தொடங்கும்வரை, பல்லாயிரம் பேர் வாழும் இடம் பொது வரைபடத்தில் வெற்றிடமாகவே கிடந்தது. தான்சானியாவின் தார் எஸ் சலாமில் மாணவர்களும் குடியிருப்போரும் வெள்ளம் பாயும் வடிகால்களை அளந்து வரைந்தார்கள். அதே தான்சானியா 2018-இல் தன் புள்ளியியல் சட்டத்தைத் திருத்தி, அரசு எண்களை மறுக்கும் புள்ளிவிவரத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. பன்னாட்டு எதிர்ப்புக்குப் பின் 2019-இல் அதைத் தளர்த்தியது. ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இரண்டும் நடந்தன. மக்கள் தரவு அரசுக்கு உதவும்போது பாராட்டு கிடைக்கும். அரசின் எண்ணோடு முரணும்போது அதைச் சட்டம் காக்குமா என்பதுதான் உண்மையான சோதனை.

ஐநாவின் நீடித்த வளர்ச்சி இலக்குகளின் குறியீடுகளில் 5-க்கு மக்கள் தரவு ஏற்கெனவே பயன்படுகிறது, 76-க்குப் பயன்படக்கூடும் என்று 2020-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இரண்டும் சேர்ந்து மொத்தக் குறியீடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கடலில் சேரும் பிளாஸ்டிக் குப்பைக்கான குறியீட்டில் இதை முதலில் செய்துகாட்டிய நாடு கானா. கடற்கரைத் துப்புரவுக்குப் போன தன்னார்வலர்கள் குப்பையைப் பொறுக்கும்போதே பாட்டில் எத்தனை, மூடி எத்தனை, பை எத்தனை என்று அட்டையில் குறித்துவந்தார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்த அட்டைகளைக் கானாவின் புள்ளியியல் துறை எடுத்துச் சரிபார்த்து, தன் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. மணலில் குனிந்து எண்ணியவர்களின் எண், 2022 முதல் அந்நாடு ஐநாவுக்கு அனுப்பும் அறிக்கையில் இருக்கிறது.